குணமாகாதவரின் சாட்சி

எங்கள் சபையின் மாதர் சங்கத்தார் என் மருத்துவமனை நாட்களை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். நோயுற்றிருக்கும் சகோதரிகளுக்கு அது தைரியம் தரும் என்பது அவர்கள் எண்ணம். காசநோய் கண்டு, படுக்கையில் கிடந்து, தேறி, மறுபடியும் பல்கலைக்கழகத்துக்குப் போய்க்கொண்டிருப்பவள் நான். ஆகவே அவர்கள் என்னிடம் கேட்டது இயல்பே. ஆனால் என் நாட்களை மட்டும் எழுதினால் அது அரைகுறையான உண்மையாகவே நிற்கும். நான் வெளியே வந்த பிறகு அதே வார்டில் என் தாயார் படுத்திருந்தார். அவர் வீடு திரும்பவில்லை. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். அச்சிடலாமா என்பதைச் சங்கத்தார் தீர்மானித்துக்கொள்ளட்டும்.

என் நோய் வெளிப்பட்ட விதத்தில் விசேஷம் ஒன்றுமில்லை. பல்கலைக்கழகத்தில் மாணவர் எல்லாரும் மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒழுங்கு இருந்தது. மாலைதோறும் இலேசான காய்ச்சல் வந்துகொண்டிருந்தது. இலக்கியத் தேர்வுக்காகக் கண்விழித்துப் படித்ததன் விளைவு என்று நானே காரணம் கற்பித்துக்கொண்டிருந்தேன். சீன மருத்துவர் ஒருவர் என் படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு நிழல் இருக்கிறது என்றார். என் கண்ணுக்கு விலா எலும்புகள்தாம் தெரிந்தன. அவர் விரல் வைத்துக் காட்டிய பிறகு, துடைத்த பலகையில் எஞ்சிய சுண்ணாம்புக் கறைபோல் ஏதோ ஒன்று புலப்பட்டது.

அடுத்தது சளிப் பரிசோதனை. காலையில் எழுந்தவுடன் இருமி, வரும் சளியை மூடியுள்ள ஒரு குவளையில் துப்பிக் கொடுக்க வேண்டும். அதில் கிருமி காணப்பட்டால் ‘பாசிட்டிவ்’, காணப்படாவிட்டால் ‘நெகட்டிவ்’. பாசிட்டிவ் என்றால் மூச்சின் வழியே பிறருக்கும் நோயைக் கொடுக்கக்கூடியவர் என்று பொருள். பின்னாளில் வார்டில் ஒருவருடைய பெயருக்கும் ஊருக்கும் முன்னால் விசாரிக்கப்படுவது இதுதான் என்று அறிந்தேன். நான் பாசிட்டிவாக இருந்தேன்.

முடிவுக்காகக் காத்திருந்த அறையில் நீண்ட பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். ஒருவருக்கொருவர் இடம் விட்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு மலாய்ப் பெண்மணி தலைத்துணியின் முனையால் வாயை மூடியிருந்தார். அம்மா மட்டும் என்னை ஒட்டியே உட்கார்ந்து, என் கையைத் தம் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

“பயப்படாத ரூபி. பயந்தா ஆண்டவர் மேல நம்பிக்கை இல்லைன்னு ஆயிடும்.”

“நான் பயப்படலையேம்மா.”

“அதான் என் பொண்ணு. எனக்கும் ஒரு துளி பயமில்ல.”

இந்த உரையாடலை இங்கே குறிப்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் ஒருவரை ஒருவர் திடப்படுத்துவது இப்படித்தான் நடக்கும். அப்பா துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி, சபையில் மூப்பர். அவருக்கு வேலை போகும் நிலை வந்தபோதும், என் தம்பி பிறந்த சில நாட்களில் இறந்தபோதும், முகம் வாடாமல் இருப்பதே விசுவாசம் என்று அவர் எங்களுக்குக் காட்டியிருந்தார். அம்மா அதைக் கற்றுக்கொண்டார். அம்மாவிடமிருந்து நான் கற்றேன்.

வார்டு நீளமானது, ஒரு பக்கம் முழுவதும் திறந்த வராந்தா. நல்ல காற்றும் ஓய்வும் பாதி மருந்து என்றார்கள். மீதி மருந்து மூன்று விதம். முதலாவது ஸ்டிரெப்டோமைசின் ஊசி. அது போட்ட சிறிது நேரத்தில் உதடுகள் மரத்துப்போகும், நடந்தால் தரை ஒரு பக்கம் சாய்வதுபோல் இருக்கும். இரண்டாவது ‘பாஸ்’ என்று அழைக்கப்பட்ட தூள். மாவு வில்லைக்குள் அடைத்து விழுங்கக் கொடுப்பார்கள். விழுங்கிய பிறகு சோற்றைப் பார்க்கவே பிடிக்காது. மூன்றாவது ஒரு சிறு வெள்ளை மாத்திரை. அது மட்டும் யாருக்கும் தொல்லை கொடுக்கவில்லை. ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும் என்பதால்தான் சேர்த்துக் கொடுக்கிறார்கள் என்று மருத்துவர் விளக்கினார்.

ஊசி போட வரும் தமிழ்த் தாதி ஒருவர் இருந்தார். எல்லாரையும் போல நானும் அவரை மிஸ்ஸி என்றே அழைத்தேன்.

“என்னா காலேஜ் பொண்ணு, புக்கை மூடிட்டுத் திரும்பிப் படு லா. எந்தக் கவிஞரும் உனக்குப் பதிலா வந்து ஊசி வாங்கிக்க மாட்டாரு.”

இரவுகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: இருமல் ஒரு கட்டிலில் தொடங்கினால் வரிசையாக எல்லாக் கட்டில்களுக்கும் பரவும், ஒவ்வொருவரும் மற்றவருடைய இருமலைக் கேட்டுத் தம்முடையதோடு ஒப்பிட்டுக்கொண்டிருப்போம். அந்நேரங்களில் நான் பயந்தேன். நடுங்கும் அளவுக்குப் பயந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

அரசாங்க வார்டு என்பதால் கட்டணம் எங்களை நசுக்கவில்லை. முட்டை, பால், சத்துமாவு என்று வெளியில் வாங்கியவைதான் அப்பாவின் சம்பளத்தைக் கடித்தன. அவர் மாலையில் வேலை முடிந்து வருவார்; வந்து ஆரஞ்சுப் பழத்தை உரித்து, சுளையின் மேலுள்ள நாரையும் நீக்கி, தட்டில் சுற்றிவர அடுக்கிவைப்பார். அவர் என் முன்னால் அழாமலிருக்கக் கண்டுபிடித்த வேலை அது என்று இப்போது தோன்றுகிறது. அம்மா தினமும் பகல் வேளையில் மீன் சூப்பும் சோறும் கொண்டுவருவார். சிராங்கூன் சாலையை அடுத்த எங்கள் சந்திலிருந்து பஸ் பிடித்து, டிபன் கேரியரைத் துண்டில் சுற்றிக் குழந்தைபோல் இடுப்பில் வைத்துக்கொண்டு வருவார். நான் சாப்பிட்டானதும், வராந்தாக் கோடியில் இருந்த குழாயடிக்கு அதைக் கழுவ எடுத்துச் செல்வார். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருக்கும்.

“ஆன்ட்டி, ஒரு டிபன் கழுவ இவ்வளவு தண்ணியா? குளம் வெட்டுறீங்களா?” என்பார் மிஸ்ஸி.

“மீன் வாசம் போகணும்லம்மா,” என்று சிரித்துக்கொண்டே திரும்புவார் அம்மா. கண்கள் சிவந்திருக்கும். அழுதிருக்கிறார் என்று எண்ணினேன். அழுததைக் கேட்பது அவருடைய திடத்தைக் குலைப்பதாகும் என்று எண்ணிக் கேட்காமல் இருந்தேன்.

நோயாளியின் வீட்டார் அனைவரும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார்கள். அப்பா எடுத்துக்கொண்டார்; அவருக்கு ஒன்றுமில்லை. அம்மா, “நாளைக்குப் போறேன். இன்னிக்கு இவளுக்கு யார் சோறு கொண்டு போறது?” என்றார். அந்த ‘நாளை’ தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

என் சளி நெகட்டிவ் ஆகி, படத்தில் நிழலும் சுருங்கியபோது, மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும் என்ற நிபந்தனையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

எங்கள் சபையில் நோயிலிருந்து தேறியவர் ஒரு ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொல்வது வழக்கம். தேறாதவர் சாட்சி சொல்லி நான் கேட்டதில்லை. சபையார் முன்னால் பேசக் கூசுபவள் நான். ஆகவே எழுதிவைத்து வாசிப்பதென்று முடிவு செய்தேன். எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

“நல்லா இருக்கு. இன்னொரு வரி சேரு. நோய் நம்ம வீட்டை விட்டே போயிடுச்சுன்னு.”

“டாக்டர் அப்படிச் சொல்லலையேம்மா. மருந்தே இன்னும் முடியலை.”

“டாக்டர் சொல்றது வேற. வரப்போற நன்மைக்கு முன்னாடியே நன்றி சொல்லிடணும். அதுதான் விசுவாசம்.”

இதுவும் எங்களிடையே உள்ள பழக்கம். வேலை கிடைக்குமுன் வேலைக்காக ஸ்தோத்திரம் செலுத்துவோம். பிள்ளை பிறக்குமுன் சுகப்பிரசவத்துக்காக ஸ்தோத்திரம் செலுத்துவோம். பெற்றாயிற்று என்று சொல்லிவிட்டால் பெற்றுவிடுவோம் என்பது நம்பிக்கை. அம்மா கேட்ட வரியை நான் சேர்த்தேன். அவர் சொன்ன எளிய வார்த்தைகளில் சேர்க்கவில்லை; இலக்கியம் படிப்பவள் அல்லவா? “நோய் எங்கள் வாசலைக் கடந்து போயிற்று, அது திரும்பி வரும் வழியையும் ஆண்டவர் அடைத்துவிட்டார்” என்று ஓசை அமைய எழுதினேன்.

அந்த ஞாயிறு அந்த இடத்தில் நான் நிறுத்தியபோது சபை முழுவதும் ஆமென் என்றது. போதகர் ஆசீர்வாத ஜெபத்தில் அதே வரியைத் திருப்பிச் சொன்னார். மாதர் சங்கத் தலைவி நேசம்மா ஆன்ட்டி, யாழ்ப்பாணத்துக்காரர், வாசலில் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன வடிவாச் சொன்னாய் பிள்ளை! இனி நோயெண்டு ஆர் வந்து அழுதாலும் இந்த வரியைத்தான் சொல்லப் போறன்.”

அம்மா பக்கத்தில் நின்று சிரித்தார். சிரிப்பின் நடுவே சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். ஆனந்தத்தில் தொண்டை அடைத்தது என்று எல்லாரும் நினைத்தோம்.

அதன் பிறகு எக்ஸ்ரே எடுக்கப் போவதைப் பற்றி அம்மா பேசவே இல்லை. நான் நினைவூட்டினால், “உனக்கே சரியாயிடுச்சு, எனக்கென்ன?” என்பார். இளைத்துக்கொண்டு வந்தார். நான் கவனித்தேன், என்னைப் பார்க்க அலைந்த அலைச்சல் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டேன். காரணம் காண்பதில் நான் எப்போதும் கெட்டிக்காரி.

ஒரு சனிக்கிழமை தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது அம்மாவுக்கு இருமல் வந்து, இரத்தம் வந்தது. மீன்காரர் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்காரவைத்து, திரைஷா என்னும் மூன்று சக்கர மிதிவண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார். அப்பா வேலையிலிருந்து ஓடிவந்தார்.

“எவ்வளவு நாளா, ஞானம்?”

“ரூபி அங்க படுத்திருந்தப்பவே இருந்துச்சுங்க.”

“அப்போ ஏன் சொல்லலை?”

“அப்போ அவளுக்குச் சோறு யாரு கொண்டு போவா? அப்புறம்... சாட்சி சொல்லியாச்சே. எக்ஸ்ரே எடுக்கிற கிளினிக் வரிசையில என்னைப் பார்த்தா சனங்க என்ன நினைப்பாங்க? நம்ம பொண்ணு சபையில நின்னு பொய் சொன்னான்னு ஆகாதா?”

அப்பாவின் சட்டைப் பித்தான்கள் எல்லாம் சரியாகவே மாட்டியிருந்தன. அவற்றை அவிழ்த்து மறுபடியும் மாட்டினார்.

அம்மாவின் படத்தைப் பார்ப்பதற்கு எனக்கு யாரும் விரல் வைத்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. இரண்டு பக்கமும் நிழல் இறங்கியிருந்தது; ஒரு பக்கத்தில் குழிவு விழுந்திருந்தது. நோய் நுரையீரலின் சதையை அரித்து ஏற்படுத்தும் பொந்துக்கு அந்தப் பெயர். கெட்ட பகுதியை அறுத்து எடுப்பதென்றால் மற்றப் பக்கம் மூச்சைத் தாங்க வேண்டும். அம்மாவுக்கு மற்றப் பக்கமும் இல்லை. மருந்து கொடுப்போம் என்றார் மருத்துவர். “முன்பே வந்திருந்தால்” என்று தொடங்கி, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். யாரிடமிருந்து யாருக்கு நோய் வந்தது என்று கேட்டேன். அது எந்தப் படத்திலும் தெரியாது என்றார்.

மிஸ்ஸி அம்மாவைக் கண்டதும் பழக்கத்தில், “என்னா ஆன்ட்டி, டிபன் கழுவ வந்தீங்களா?” என்றார். பிறகுதான் அம்மா மேலிருந்த வார்டு உடையைக் கவனித்தார். ஊசித் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனவர், சிறிது நேரம் கழித்தே திரும்பினார்.

இப்போது பகல் சாப்பாடு கொண்டுபோகும் முறை என்னுடையதாயிற்று. முதல் சில நாட்கள் நான் பயின்றிருந்தபடியே பேசினேன். “பயப்படாதீங்கம்மா, எல்லாம் சரியாயிடும்,” என்றேன். ஒருநாள் அம்மா ஸ்பூனைக் கீழே வைத்தார்.

“நீ இங்க படுத்திருந்தப்ப பயந்தியா?”

“இல்லம்மா.”

“நிஜமா சொல்லு.”

வெளியே வராந்தாவில் யாரோ வானொலியைத் திருகிக்கொண்டிருந்தார்கள். அது ஒரு நிலையத்தில் வந்து நின்றது.

“ரொம்பப் பயந்தேம்மா. செத்துப்போயிடுவேன்னு நெனச்சேன். உங்ககிட்ட சொன்னா நீங்க உடைஞ்சு போயிடுவீங்கன்னு சொல்லலை.”

“நல்ல கூத்து. நான் அந்தக் குழாயைத் தெறந்து விட்டுட்டு, அழுது, இருமி, மூஞ்சியக் கழுவிட்டு வருவேன், நீ உடைஞ்சு போயிடக் கூடாதேன்னு.” அம்மா சிரித்தார், சிரிப்பு இருமலாக மாறி நின்றது. “பயந்தா ஆண்டவர் விட்டுட்டுப் போயிடுவார்னு யாருடி நமக்குச் சொன்னது?”

“நீங்கதாம்மா.”

“ஆமா. நான்தான்.”

அன்று அம்மா ஜெபித்தார். அவர் வழக்கமாகச் செய்யும் நீண்ட ஜெபம் அல்ல. “ஆண்டவரே, எங்க ரெண்டு பேருக்கும் பயமா இருக்கு. கூட இருங்க,” என்பதோடு முடித்துக்கொண்டார். என் வாழ்க்கையில் நான் முழு மனத்தோடு ஆமென் சொன்ன முதல் ஜெபம் அதுதான் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆயினும் உண்மை அதுவே.

அந்த வாரம் அம்மா ஒரு விருப்பம் சொன்னார். சபையாருக்குச் சாட்சி சொல்ல வேண்டும். எழுந்து போக முடியாததால் மாதர் சங்கத்தாரை இங்கே வரச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது.

“வேணாம் ஞானம். சனங்க தளர்ந்து போயிடுவாங்க. ரூபி சொன்ன அந்த வரியைப் பிடிச்சுக்கிட்டு எத்தனை பேர் இருக்காங்க தெரியுமா?”

“அதனாலதாங்க சொல்லணும். அதைப் பிடிச்சுக்கிட்டு எத்தனை பேர் என்னை மாதிரி இருமலை முழுங்கிட்டு இருக்காங்களோ.”

“நான் மூப்பர். என் வீட்டுச் சாட்சியை நானே திரும்ப வாங்கினா...”

அவர் என்னைப் பார்த்தார். அதுவரை அப்பாவின் சொல்லுக்கு எதிராக நான் ஒன்றும் சொன்னதில்லை. அவருடைய பயம் தம் மதிப்பைப் பற்றியது மட்டுமன்று என்பதும் எனக்குத் தெரியும். துன்பத்தில் இருப்பவர்களிடமிருந்து ஊன்றுகோலைப் பறிக்கிறோமோ என்று அவர் உண்மையாகவே அஞ்சினார்.

“அம்மா சொல்றதுதான் சரிப்பா. அந்த வரி அழகா இருந்துச்சு. உண்மையா இல்ல.”

அப்பா நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போகும்போது, “நானே போய் நேசம்மாகிட்ட சொல்றேன்,” என்றார்.

அவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தார்கள். நேசம்மா ஆன்ட்டியும் இன்னும் சிலரும். பாட்டுப் புத்தகமும் திராட்சைப் பழமும் கொண்டுவந்திருந்தார்கள். கட்டிலுக்குச் சற்று எட்டியே நின்றார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

“நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ. சுகமானாப் பிறகு சபையிலயே எழும்பி நிண்டு சாட்சி சொல்லலாம் தானே,” என்றார் நேசம்மா ஆன்ட்டி.

“சுகமாகலைன்னா அதை யாரு சொல்றது அக்கா?”

அம்மா தலையணையில் சாய்ந்தபடி, மூச்சு வாங்குமிடங்களில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“எனக்கு ரொம்ப நாளா இருமல். மறைச்சேன். எம் பொண்ணு சாட்சி பொய்யாயிடக் கூடாதுன்னு மறைச்சேன். அந்த வரியைச் சொல்லச் சொன்னதும் நான்தான், அவ இல்ல. ஆண்டவருக்கு நான் ஒத்தாசை பண்றேன்னு நெனச்சேன். அவருக்கு என் ஒத்தாசை வேணாம். அவர் இங்கதான் இருக்கார், எனக்குத் தெரியுது. எனக்குப் பயமாவும் இருக்கு. ரெண்டும் உண்மை. உங்கள்ல யாருக்காவது இருமல் இருந்தா, என்னைப் பார்த்துட்டுப் போய்ப் படம் எடுங்க. அவ்வளவுதான்.”

ஒரு பெண்மணி, “ஸ்தோத்திரம்,” என்று தொடங்கி, இந்த இடத்தில் அது பொருந்துமா என்று தெரியாதவர்போல் பாதியில் விட்டார். நேசம்மா ஆன்ட்டி எட்டி நின்ற இடத்திலிருந்து வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அம்மாவின் பாதங்களைப் போர்வையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பாட்டுப் பாடவில்லை. போகும் நேரம் வரை அப்படியே இருந்தார்.

அவர்கள் போன பிறகு அம்மா, “நல்லாச் சொன்னேனா?” என்று கேட்டார்.

“நல்லாச் சொன்னீங்கம்மா.”

“உன்னை மாதிரி அழகாச் சொல்ல வரலை.”

அதற்குப் பிறகு அவருக்கு நீளமாகப் பேசும் அளவுக்கு மூச்சு இருக்கவில்லை. மழை பெய்த ஒரு பிற்பகலில், அப்பா பழம் உரித்துக்கொண்டிருக்கும்போது, அம்மா போய்விட்டார்.

சகோதரிகளே, நீங்கள் கேட்டது தைரியம். என்னிடம் இருப்பது இவ்வளவுதான். இருமல் இருந்தால் நாளை என்று சொல்லாதேயுங்கள். பயம் இருந்தால் அதை ஆண்டவரிடமும், பக்கத்தில் இருக்கும் ஒரு மனிதரிடமும் சொல்லுங்கள். என் தாயாருக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள ஒரு மகள் பக்கத்திலேயே இருந்தாள். அவள் தனக்குப் பயமே இல்லை என்று காட்டிக்கொண்டதால், காலம் கடக்கும்வரை அவர் அவளிடம் சொல்லவில்லை.